வீட்டு மின்னிணைப்பில் ஃபேஸும் நியூட்ரலும்

நாட்டின் கிராமங்கள் அனைத்திற்கும் மின்சாரம் எட்டிவிட்டதாக 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. மணிப்பூர் மாநிலத்தின் லெய்சாங் என்னும் சிற்றூர் அவ்வரிசையில் இறுதியாக இடம்பெற்றது. ஊருக்கு மின்சாரம் வருவது ஒன்று, வீட்டிற்கு வருவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலிருந்த தொலைவைக் கடக்க 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சௌபாக்யா திட்டத்தின் வழியே, 2022 மார்ச் முடிவதற்குள் சுமார் 2.86 கோடி வீடுகள் இணைப்புப் பெற்றன. உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, அசாம் ஆகியவை இதில் பெரும் பங்கு பெற்ற மாநிலங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பு இலவசமாக வழங்கப்பட்டது. ஏனையோர் 500 ரூபாயைப் பத்துத் தவணைகளில் மின்கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்தினால் போதும் என்றிருந்தது. கம்பத்திலிருந்து வீடுவரை வரும் கம்பி, மீட்டர், ஒரே ஒரு விளக்கிற்கான உள் வயரிங், ஓர் எல்.இ.டி. விளக்கு ஆகியவை திட்டச் செலவிலேயே அமைந்தன.

அரசின் பொறுப்பு அந்த ஒற்றை விளக்கோடு நின்றது. குடும்பத்தின் தேவை அங்கே நிற்பதில்லை. முதல் மாதத்திலேயே கைபேசிக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டியிருக்கிறது. கோடை வந்தால் மின்விசிறி, வசதி சற்றுக் கூடினால் கூலர், குளிர்காலத்தில் வெந்நீருக்கான இம்மர்ஷன் ராடு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்கள் வந்து சேருகின்றன. இவற்றிற்கான கம்பிகளை இழுத்துத் தருபவர் எப்போதும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் அல்லர். பெரும்பாலும் ஊரில் 'கரண்ட் வேலை தெரிந்தவர்' என்று பெயர் பெற்ற ஒருவர். விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்பதே அவருக்கும் வீட்டுக்காரருக்கும் பொதுவான அளவுகோல். இந்த அளவுகோலில்தான் குறை இருக்கிறது. எந்தக் கம்பி ஃபேஸ், எந்தக் கம்பி நியூட்ரல் என்பதைப் பார்க்காமலே மாற்றி இணைத்தாலும் விளக்கு அதே ஒளியுடன் எரியும், விசிறி அதே வேகத்தில் சுழலும். பிழை தன்னைத் தானே காட்டிக்கொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்துவிட்டு, யாரோ ஒருவர் ஈரக் கையுடன் தொடும் நாளில் வெளிப்படுகிறது.

மின்சாரம் தாக்கி இறப்போர் தொகை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, 2019, 2020, 2021 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 12,000த்தைத் தாண்டியது. வயல்வெளியில் அறுந்து விழுந்த கம்பிகள், தொழிற்கூட விபத்துகள் முதலியன யாவும் இத்தொகையில் அடங்கும். எனினும் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்பவற்றில் பல, சில நிமிடச் சோதனையால் தவிர்த்திருக்கக் கூடியவை என்பதே கவனிக்கத்தக்கது.

இரு கம்பிகளின் இயல்பு

வட இந்தியக் கிராமங்களில் மின் வேலை செய்வோர் இவ்விரு கம்பிகளையும் 'கரம் தார்', 'டண்டா தார்' என்பார்கள், அதாவது சூடான கம்பி, குளிர்ந்த கம்பி. தொட்டுப் பார்த்தால் இரண்டிற்கும் வெப்பநிலையில் வேறுபாடு இல்லை. ஆயினும் பெயர் பொருத்தமானதே. ஏன் ஒன்று தாக்குகிறது, மற்றொன்று தாக்குவதில்லை என்பதை அறியத் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து தொடங்க வேண்டும்.

அங்கே 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரம் குறைந்த அழுத்தத்திற்கு மாற்றப்பட்டு மூன்று ஃபேஸ் கம்பிகளாகவும் ஒரு நியூட்ரல் கம்பியாகவும் வெளிவருகிறது. மூன்று சுருள்களும் கூடும் நடுப்புள்ளியிலிருந்து புறப்படுவது நியூட்ரல். அந்த நடுப்புள்ளி அவ்விடத்திலேயே நிலத்தில் புதைத்த எர்த் கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நியூட்ரலும் மனிதன் நிற்கும் தரையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் உள்ளன. ஃபேஸோ தரையிலிருந்து சுமார் 230 வோல்ட் விலகி நிற்கிறது. தரையில் நிற்பவர் ஃபேஸைத் தொட்டால் அவருடைய உடலே தரைக்குச் செல்லும் வழியாகிறது. நல்ல நிலையிலுள்ள நியூட்ரலைத் தொட்டால் அழுத்த வேறுபாடு மிகக் குறைவாதலால் ஒன்றும் தெரிவதில்லை.

இதிலிருந்து நியூட்ரலில் மின்சாரமே ஓடுவதில்லை என்று பலர் முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அது தவறு. விளக்கிற்குள் ஃபேஸ் வழியே புகும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியேதான் திரும்புகிறது. நியூட்ரல் வழியில் எங்கேனும் அறுந்தால், விளக்கிற்கும் அறுந்த இடத்திற்கும் இடையிலுள்ள பகுதி, விளக்கின் இழை வழியே ஃபேஸோடு இணைந்துவிடுகிறது. அப்போது அந்த 'குளிர்ந்த' கம்பியும் ஆளைக் கொல்லும்.

ஸ்விட்ச் நிற்க வேண்டிய இடம்

இணைப்பை மாற்றினாலும் விளக்கு எரிகிறது என்றால், மாற்றினால் என்ன கேடு என்ற கேள்வி எழலாம். விடை, எரியும் போது இல்லை, அணைத்த பிறகு இருக்கிறது. வீடுகளில் உள்ள சாதாரண ஸ்விட்ச் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கிறது. அது ஃபேஸில் இருந்தால், அணைத்ததும் விளக்கின் ஹோல்டர் வரை மின்னழுத்தம் நீங்குகிறது. நியூட்ரலில் இருந்தாலோ, விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் நாற்காலி மேல் ஏறிப் பல்பைக் கழற்றுபவருக்கு அந்த நம்பிக்கையே பகையாகிறது.

ராஜஸ்தானிலும் கங்கைச் சமவெளியிலும் கோடையில் வீடுதோறும் காணப்படும் இரும்புத் தகட்டுக் கூலரை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு விசிறி மோட்டார், ஒரு சிறிய நீர் பம்பு, கீழே தண்ணீர்த் தொட்டி. நாளில் இருமுறை யாராவது ஸ்விட்சை அணைத்துவிட்டு, வாளியால் நீர் ஊற்றி, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று தட்டிகளைச் சரிசெய்கிறார்கள். ஸ்விட்ச் நியூட்ரலில் அமைந்துவிட்டால், பம்பின் சுருள் ஓடாமல் நின்றபோதும் முழு அழுத்தத்தில் இருக்கும். சுருளின் காப்பு நைந்திருந்தால் தண்ணீருக்கும் தகட்டிற்கும் அது தாவ நெடுநேரம் ஆகாது. இம்மர்ஷன் ராடிலும் இதே நிலைதான். அணைத்துவிட்டு நீர் சூடாயிற்றா என்று வாளிக்குள் விரல் விடும் வழக்கம், பழைய ராடும் தவறான இணைப்பும் சேர்ந்த வீட்டில் உயிருக்கே உலையாகலாம்.

ஃபியூஸ் இருக்கிறதே என்று அமைதி கொள்வதற்கும் இடமில்லை. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் கம்பி கருகுவதற்கு ஐந்து ஆம்பியரைவிடக் கூடுதலான மின்னோட்டம் வேண்டும். ஆளின் உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே மிகுதி. ஃபியூஸ் கம்பியைக் காக்கும் கருவி, மனிதனைக் காக்கும் கருவியன்று. அந்த ஃபியூஸும் நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், அது கருகிய பின்னும் வீடு முழுவதும் ஃபேஸுடன் இணைந்தே நிற்கும்.

சட்டம் இதை முன்கூட்டியே கண்டிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32ஆம் விதி, எர்த் செய்யப்பட்ட நியூட்ரல் கம்பியை மின்னுள்ள கம்பியிலிருந்து பிரித்தறியும் வகையில் நிலையான அடையாளம் இட வேண்டும் என்றும், இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் ஸ்விட்ச் தவிர வேறு ஸ்விட்சோ ஃபியூஸோ நியூட்ரலில் வைக்கக் கூடாது என்றும் விதித்தது. அவ்விதிகளின் இடத்தில் 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இந்தக் கட்டளை தொடர்ந்தது. மற்றொரு விதியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்ற 1956ஆம் ஆண்டின் 45ஆம் விதி, விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றை மாற்றிப் பொருத்தும் சிறு வேலைகளுக்கு விலக்கு அளித்தது. நடைமுறையில் இது நியாயமே. ஒரு ஸ்விட்சிற்காக ஒப்பந்தக்காரரைத் தேடி வட்டத் தலைநகருக்குப் போகச் சொல்ல இயலாது. ஆனால் கம்பிகள் இடம் மாறுவது பெரும்பாலும் இத்தகைய சிறு வேலைகளின்போதுதான்.

நிறம் தரும் சான்று

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று கற்பிக்கிறது. சுவரில் பதிக்கும் வயரிங்கிற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு இது. மூன்று ஃபேஸ் இணைப்பாயின் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் ஃபேஸ். பாடத்தை நன்கு கற்ற மாணவன் வீட்டிற்கு வந்து இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிரித்தால், அங்கே பழுப்பு, வெளிர்நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு என்று வேறு மூன்று நிறங்களைக் காண்கிறான். மின்கருவிகளோடு வரும் நெகிழ் ஒயர்களுக்குப் பன்னாட்டு முறைப்படி பழுப்பு ஃபேஸ், வெளிர்நீலம் நியூட்ரல். ஆக, சுவருக்குள் ஃபேஸாக இருக்கக்கூடிய நீலம், சுவருக்கு வெளியே நியூட்ரல் ஆகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் முறையானவையே. இரண்டையும் ஒரே மேசை மேல் வைத்து இணைப்பவருக்குத்தான் தடுமாற்றம்.

இதைவிடப் பெரிய இடர் நிறமே இல்லாமல் போவது. வயர் கடையில் 90 மீட்டர் சுருளாக விற்கப்படுகிறது. இரண்டு அறை வீட்டிற்கு மூன்று நிறத்தில் மூன்று சுருள் வாங்கினால் மிச்சம் வீணாகும். ஆகவே வேலை செய்பவர் முந்தைய வீட்டில் எஞ்சியதையும் கையிலுள்ள ஒரே நிறச் சுருளையும் கொண்டு முடித்துவிடுகிறார். சேமிப்புச் சில நூறு ரூபாய், பயன் வேலையெடுத்தவருக்கு. அடையாளமற்ற கம்பியினால் வரும் ஆபத்தோ அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த வீட்டில் வாழ்பவர்களுக்கு. ஒருவர் செய்யும் சிக்கனத்தின் விலையை மற்றொருவர் கொடுக்கும் இத்தகைய ஏற்பாட்டை விலை பேசும்போது வீட்டுக்காரர் அறிவதேயில்லை. கறுப்புச் சுருள் கிடைக்காவிடில், நியூட்ரலாகச் செல்லும் கம்பியின் இரு முனைகளிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றச் சொல்லலாம். அதற்குச் செலவு மிகச் சொற்பம்.

எவ்வாறாயினும் நிறம் என்பது முன்பு வேலை செய்தவர் அளித்த வாக்குமூலம் மட்டுமே. அதைச் சரிபார்க்காமல் ஏற்பது அறிவுடைமையன்று.

டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

மூன்று துளைப் பிளக் பாயின்டை எதிரே நின்று பார்த்தால், மேலே உள்ள பெரிய துளை எர்த். கீழே வலப்புறத் துளை ஃபேஸ், இடப்புறத் துளை நியூட்ரல். இதுவே நம் நாட்டு முறை. ஸ்விட்சைப் போட்டு, டெஸ்டர் என்று வழங்கும் சோதனைத் திருப்புளியின் முனையை வலத்துளையில் வைத்து, பிடியின் தலையிலுள்ள உலோகத்தை விரலால் தொட்டால் உள்ளிருக்கும் நியான் குமிழ் செந்நிறமாக ஒளிர வேண்டும். இடத்துளையிலும் மேல் துளையிலும் ஒளிரக் கூடாது. பின்னர் ஸ்விட்சை அணைத்தால் வலத்துளையிலும் ஒளி மறைய வேண்டும். அணைத்த பிறகும் ஏதேனும் ஒரு துளையில் ஒளி இருந்தால், ஸ்விட்ச் தவறான கம்பியில் இருக்கிறது என்று பொருள்.

டெஸ்டர் எளிய கருவி. முனைக்கும் நியான் குமிழுக்கும் இடையே மிக உயர்ந்த மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த மின்னோட்டமே குமிழையும் தொடுபவரின் உடலையும் கடந்து தரைக்குச் செல்கிறது. உடல் அதை உணர்வதில்லை, குமிழுக்கோ அது போதும். அந்த மின்தடை ஒன்றே கைக்கும் 230 வோல்ட்டிற்கும் நடுவே நிற்பதால், பிடி விரிசல் விட்ட டெஸ்டரையும் நீரில் விழுந்த டெஸ்டரையும் தூக்கி எறிவதே முறை. அதைத் திருப்புளியாகவும் உளியாகவும் பயன்படுத்தும் பழக்கம் நாடெங்கும் உண்டு. பிடி விரிசல் விடுவது பெரும்பாலும் இதனால்தான்.

டெஸ்டரின் சொல்லுக்கு வரம்புகள் உண்டு. உச்சி வெயிலில் அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். உலர்ந்த மரப்பலகை மேல் ரப்பர்ச் செருப்புடன் நிற்பவரின் கையில் ஒளி மங்கலாகும். ஆகவே ஒளிராத டெஸ்டர் 'மின்சாரம் இல்லை' என்று சான்று கூறியதாகக் கொள்ளக் கூடாது. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு சோதிக்க வேண்டிய இடத்தில் வைத்து, மீண்டும் பழைய இடத்திலேயே வைத்து டெஸ்டர் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொள்வது தேர்ந்த தொழிலாளர் வழக்கம். மாறாக, ஃபேஸ் கம்பியை ஒட்டி நீண்ட தூரம் ஓடும் வெற்றுக் கம்பியில் தூண்டலால் ஏற்படும் பொய்யழுத்தத்திற்கும் டெஸ்டர் மங்கலாக ஒளிரும்.

இடத்துளை, வலத்துளை இரண்டிலும் ஒளி தெரிந்து, வீட்டில் எதுவும் இயங்காவிடில், 'இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது' என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் நிகழ்ந்திருப்பது நியூட்ரல் அறுந்ததுதான். எங்கோ போட்டு வைத்த விளக்கின் வழியே ஃபேஸ் நியூட்ரலுக்குள் புகுந்திருக்கிறது. எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துக் கருவிகளைக் கழற்றியதும் இடத்துளையில் ஒளி மறைந்தால் இந்த ஊகம் உறுதிப்படும். இந்நிலையில் தரையில் ஒரு கம்பியை அடித்து, அதையே நியூட்ரலாகக் கொண்டு விளக்கெரிக்கும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அக்கம்பியும் அதைச் சூழ்ந்த ஈர மண்ணும் மின்னேறி, கட்டியிருக்கும் கால்நடைக்கும் விளையாடும் குழந்தைக்கும் ஆபத்தாகின்றன.

வேலை தெரிந்தவரிடம் மல்டிமீட்டர் இருந்தால் ஐயம் முற்றிலும் தீரும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சில வோல்ட் மட்டும் என்று காட்ட வேண்டும். அண்மைக் காலத்தில் மற்றொரு குறிப்பும் கிடைக்கிறது. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பட்டன. குறைந்த மின்சாரத்திலும் ஒளிரும் இவ்விளக்குகள், அணைத்த பின்னும் இருட்டில் மங்கலாக மினுங்கினால் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். ஸ்விட்சிலேயே சிறு காட்டி விளக்கு இருந்தாலும் இவ்வாறு நேர்வதுண்டாதலால், இதை ஐயமாக மட்டும் கொண்டு சோதித்து அறிவதே தகும்.

கம்பத்தில் மாறும் கம்பிகள்

உள் வயரிங் முழுவதும் முறையாக அமைந்த வீட்டிலும் ஒருநாள் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடக்கூடும். புயலுக்குப் பின் அறுந்த கம்பியை இரவோடிரவாக இணைக்கும்போதோ, மீட்டரை மாற்றும்போதோ, வீட்டிற்கு வரும் இரு கம்பிகளும் தலைமாறினால், உள்ளே உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் நியூட்ரல் ஸ்விட்ச் ஆகிவிடுகிறது. வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை, விளக்குகள் எரிகின்றன, யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

இதனுடன் மற்றொரு கெட்ட வழக்கம் சேர்ந்தால் நிலைமை மிக மோசமாகிறது. எர்த் கம்பியே இல்லாத வீடுகளில், பிளக் பாயின்டின் எர்த் முனையை நியூட்ரல் முனையோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். கூலரின் தகட்டில் 'ஷாக்' அடிப்பது நின்றுவிடுவதால் இதை ஒரு திறமையாகவே கருதுகிறார்கள். கம்பத்தில் கம்பிகள் மாறும் நாளில், நியூட்ரல் என்று எண்ணியது ஃபேஸாகி, அந்தத் துண்டுக் கம்பி வழியே கூலரின் வெளித்தகடு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். அதற்கு ஸ்விட்சைப் போட வேண்டிய தேவையும் இல்லை.

மனிதனைக் காக்கவென்றே அமைந்த கருவி ஒன்று உண்டு. சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லியாம்பியர் அளவிற்கு வேறுபட்டால் கண் இமைக்கும் நேரத்தில் இரு கம்பிகளையும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அது. 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் மின்கசிவுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியபோது, 5 கிலோவாட்டிற்குக் குறைந்த வீட்டு இணைப்புகளை அதிலிருந்து விலக்கி வைத்தன. சிறு நுகர்வோர் மேல் செலவு சுமத்தலாகாது என்பது இதன் கருத்தாக இருக்கலாம். மண் தரையும் ஈரச் சுவரும் கொண்ட, ஒற்றை விளக்கில் தொடங்கிய வீடுகளே இவ்விலக்கிற்குள் அடங்கின. கருவி எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது கட்டாயமில்லாமல் போனது.

ஆகவே கம்பத்திலோ மீட்டரிலோ வேலை நடந்த ஒவ்வொரு முறையும் வலத்துளையில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு பிளக் பாயின்டில் மட்டும் ஒளி இடப்புறம் மாறியிருந்தால் பிழை அந்தப் பாயின்டில் உள்ளது. மெயின் ஸ்விட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தபின், உரிமம் பெற்றவரைக் கொண்டு அங்கேயே திருத்தலாம். வீடு முழுவதும் மாறியிருந்தால் பிழை மீட்டருக்கு அப்பால் உள்ளது. அப்போது மின்வாரியத்திற்குத் தெரிவித்து, கம்பத்திலேயே சரிசெய்யச் சொல்ல வேண்டும். வீட்டிற்குள் கம்பிகளை மாற்றி அந்தப் பிழைக்கு ஈடுகட்டிக்கொண்டால், பின்னொரு நாள் லைன்மேன் கம்பத்தில் முறைப்படி இணைக்கும்போது வீடு மீண்டும் தலைகீழாகிவிடும்.